சீக்காளிக்கு வாங்கும் பாட்டில்

எங்கள் பக்கத்தில் உடம்புக்குச் சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது. ரொட்டி வாங்கலாம், பிஸ்கட் வாங்கலாம். இன்னும் கொஞ்சம் மரியாதை காட்ட வேண்டுமென்றால் பாலில் கலந்து குடிக்கிற சத்துப் பவுடர் பாட்டில். தொண்ணூறுகளில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த கடைகளில் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கும். கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்தே, "ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டுக்கொண்டு எடுத்து வைப்பார்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது அம்மா நம்பவில்லை. ஆடுகளுக்குப் பின்னால் கரிசல் காடு முழுக்க நடக்கிற, விலா எலும்பு தெரிகிற மனிதருக்கு அது எப்படி வரும்? உட்கார்ந்து தின்கிற முதலாளிமார் வியாதி அது என்பது அம்மாவின் கட்சி. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனிப்பைத் தொடக் கூடாது, காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், புண் வந்தால் லேசில் ஆறாது என்றார். அப்பாவுக்குக் கால்தான் எல்லாம். கால் போனால் ஆடும் போச்சு.

அன்றோடு கருப்பட்டிக் காப்பி நின்றது. கடலை மிட்டாய்க்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அந்தப் பக்கமே திரும்பவில்லை. கல்யாண வீட்டில் பாயசம் ஊற்ற வந்தால் இலையைக் கையால் மறைப்பார். இந்த வைராக்கியத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கும்தான்.

செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். "என்ன அண்ணாச்சி, இப்படி வாடிப் போயிட்டீங்க?" ஆளுக்கொரு பாட்டில். எட்டயபுரத்து அத்தை பெருமைக்கு இரண்டு கொண்டுவந்தாள். அம்மா காலையும் மாலையும் பாலில் கலக்கி, ஆற்றிக் கொடுத்தாள். தீர்ந்துபோனால் தானே வாங்கி வந்தாள். நாக்கில் வைத்தால் இனிக்கத்தான் செய்யும். ஆனால் இனிப்பு என்பது விசேஷத்துக்குத் தின்பது; இது சீக்காளிக்கு உள்ளது. மருந்துக் கடையிலேயே விற்கிறார்கள், அப்புறம் என்ன சந்தேகம்?

சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். இனிப்பு சாப்பிடுகிறீர்களா என்று போகும்போதெல்லாம் கேட்டார். "தொட்டதே இல்லய்யா" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை.

ஒரு கோடையில் உடைமரத்து முள் செருப்பைத் துளைத்துக் கட்டைவிரலில் ஏறியது. வலிக்கவே இல்லை என்றார். வலிக்காததுதான் ஆபத்து என்று எங்களுக்குத் தெரியாது. முதலில் விரல் கறுத்தது, பிறகு பாதம். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தவருக்கா இந்தக் கதி?

புண்ணைப் பார்க்க வந்த டாக்டரம்மா, கட்டில் பக்கத்தில் அம்மா பால் ஆற்றுவதைக் கவனித்தார்.

"அதுல என்னம்மா கலக்குறீங்க?"

அம்மா பாட்டிலைக் காட்டினாள். "சக்கரை வந்ததுல இருந்தே குடுக்கேன் தாயி. தெம்புக்கு."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "இதுல நிறைய சீனி இருக்கும்மா. இனிமே குடுக்காதீங்க."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ இவிய காலு போனது என் கையாலயா?"

"இது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. அம்மா காதில் அது விழவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தபடியே பேசினார். "அவ மேல தப்பில்ல தாயி. அவ வேண்டாம்னுதான் சொன்னா. நாந்தான் ருசிக்குக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சேன்."

அப்பாவுக்குப் பாலே பிடிக்காது. அந்த டம்ளரை ஒரு நாள்கூட அவர் கேட்டு வாங்கியதில்லை.