இடமரை

கிட்டுசாமி தன் பங்கு நிலத்தைக் கொடுத்து ஒரு வண்டியை எடுத்துக்கொண்டார் என்று சொன்னால், ஏதோ முன்யோசனைக்காரர் போலத் தோன்றும். நடந்தது வேறு. பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது அண்ணன் ஈஸ்வரமூர்த்தி, "தம்பி எதக் கேட்டாலும் குடுத்துடறனுங்க" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்ன அண்ணனிடம் பாதித் தோட்டத்தைக் கேட்பது மரியாதையாக இராது. கிட்டுசாமி மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்ற பிக்கப்பைக் கேட்டார். யுத்தம் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன வண்டிகள் ஏலத்துக்கு வந்தபோது, பருத்தி ஏற்றுவதற்காக அப்பா வாங்கிப்போட்டது அது. "அது போதுங்களா தம்பி?" என்று அண்ணன் கேட்டார். "போதுங்கண்ணா" என்றார் கிட்டுசாமி. அண்ணனும் மரியாதை தெரிந்தவர். இரண்டாம் முறை கேட்டுத் தம்பியைச் சங்கடப்படுத்தவில்லை.

இந்த ஏற்பாட்டில் உண்மையாகவே மகிழ்ந்தவர் ஒருவர்தான், கிட்டுசாமியின் மனைவி ரங்காத்தாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அந்த வீட்டில் சின்ன மருமகளாகச் சாணி அள்ளியவள். திருப்பூரில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வாசலில் வண்டி வந்து நின்ற அன்று அவள் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"ஏனுங்க, இந்த வண்டி நின்னுபோச்சுன்னா மறுபடியும் அந்த ஊட்டுக்குத்தானுங்க போகோணும். அத மட்டும் நெனப்புல வெச்சுக்குங்க."

அவர் நினைப்பில் வைத்துக்கொண்டார். அதுதான் வினையாயிற்று என்பது பிற்பாடு.

வேலை நொய்யல் கரையில். சலவைப் பட்டறைகளில் வெளுத்துக் காய்ந்த துணியை ஏற்றி, பனியன் கம்பெனியில் இறக்க வேண்டும். ஆற்றைக் கறுப்பாக்கித் துணியை வெள்ளையாக்கும் தொழில் அப்போதுதான் ஊரில் சூடுபிடித்திருந்தது. கிட்டுசாமிக்கு ஓய்வே இல்லை.

ஊரில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பிக்கப்பின் வலப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள், மற்ற எல்லா நட்டுகளையும் போல, வலது பக்கம் திருகினால் முடுகி இறுகும். இடப்பக்கச் சக்கரங்களில் நேர் எதிர். அங்கே போல்டிலும் நட்டிலும் மரையை, அந்தத் திருகு வரியை, இடது பக்கமாக வெட்டியிருந்தார்கள். சக்கரம் சுற்றுகிற சுற்றிலேயே நட்டு தானாகக் கழன்றுவிடக்கூடாது என்று அமெரிக்க எஞ்சினீயர்கள் செய்த யோசனை. இது தெரியாத பஞ்சர் கடைக்காரர்கள் ஸ்பானர் மேல் ஏறி நின்று, கழற்றுவதாக நினைத்து முடுக்கு முடுக்கென்று முடுக்கி, போல்டையே ஒடித்திருக்கிறார்கள். கிட்டுசாமி சும்மா மணிக்கட்டை எதிர்ப்பக்கம் திருப்புவார். நட்டு வழுக்கிக்கொண்டு வரும். அதனால் அவருக்கு இடமரைக்காரர் என்று பெயர். "மரை கழண்ட ஆளுக நம்மூர்ல நெறையங்க. மரையே எதிர்ப்பக்கம் இருக்கறது இவருக்கு மட்டுந்தானுங்க" என்று டீக்கடையில் சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். நிலமில்லாதவனுக்கு ஒரு பட்டப்பெயராவது இருக்கட்டுமே.

காலையில் மற்றவர்கள் திருநீறு பூசும் நேரத்தில் அவர் ஸ்பானருடன் வண்டியைச் சுற்றி வருவார். வலப்பக்கம் வலதாக ஒரு இழுப்பு, இடப்பக்கம் இடதாக ஒரு இழுப்பு. வண்டி நிற்கக்கூடாதல்லவா.

சீன யுத்தத்துக்குப் பிறகு வந்த வருஷத்தில் ரிம்கள் விரிசல் விட்டன. போல்டு ஓட்டைகளைச் சுற்றி, வெயிலில் காய்ந்த குளத்துச் சேறு போல வெடித்திருந்தன. அந்த வண்டிக்கு ஐந்து ஓட்டை ரிம். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. கோயமுத்தூர் வரை அலைந்தும் கிடைத்ததெல்லாம் ஆறு ஓட்டை ரிம்தான்.

லேத் பட்டறை அர்த்தநாரியிடம் போனார். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறியை விட்டு லேத்துக்கு வந்தவர். அதிர்ந்து பேசமாட்டார்.

"அஞ்சு போல்ட்ட ஆறா மாத்தலாங்களா, அண்ணா?"

"மாத்தலாங்க."

தமிழில் இந்த 'லாம்' ஒரு தனிச் சரக்கு. முடியும் என்று பொருள், செய்தால் நல்லது என்று பொருள், உங்கள் இஷ்டம் என்று பொருள், எனக்கென்ன வந்தது என்றும் பொருள். கிட்டுசாமி முதலிரண்டை எடுத்துக்கொண்டார்.

சக்கரம் மாட்டுகிற ஹப்புகளைக் கழற்றி, பழைய ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து, புதிய வட்டம் போட்டு ஆறாறு ஓட்டை துளைத்தார் அர்த்தநாரி. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. வண்டியை ஒப்படைக்கும்போது ஒன்று சொன்னார்.

"இடமரை நட்டு எந்தக் கடைலயும் இல்லீங்க. நாலு சக்கரத்துக்கும் வலமரையே போட்டுட்டனுங்க. இனி எல்லாத்தயும் ஒரே பக்கமா முடுக்கோணும்."

"கழண்டுக்காதுங்களா?"

"நம்மூரு லாரியெல்லாம் அப்பிடித்தானுங்க ஓடுது. காலைல ஒருக்கா மட்டும் ஸ்பானர் போட்டுப் பாத்துக்குங்க."

கிட்டுசாமி தலையாட்டினார். நன்றாகவே புரிந்தது. பட்டப்பெயர் போயிற்றே என்று லேசான வருத்தம்கூட வந்தது. ஆனால் புரிந்தது தலைக்கு. மறுநாள் காலை ஸ்பானரைப் பிடித்தது கை.

வலப்பக்கம் முடித்து, இடப்பக்கம் வந்து குந்தினார். ஸ்பானரை மாட்டி, இத்தனை வருஷம் இழுத்த பக்கமே இழுத்தார். நட்டு கொஞ்சம் இடம் கொடுத்தது. இடம் கொடுக்கிற நட்டு இளகியிருந்த நட்டு, நல்ல வேளை பார்த்தோம் என்று எழுந்தார். மறுநாளும் இடம் கொடுத்தது. அடுத்த நாள் இன்னும் சுலபமாக. நாளுக்கு நாள் இளகுகிறதே என்ற பயத்தில், சாயங்காலமும் ஒரு தடவை பார்க்க ஆரம்பித்தார். சோம்பேறியாக மட்டும் இருந்திருந்தால் அந்த வண்டி இன்னும் பல காலம் ஓடியிருக்கும்.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த ரங்காத்தாள் கேட்டாள்: "ஏனுங்க, இந்தப் பக்கம் மட்டும் தெனமும் எளகுதுங்களே?"

"புது போல்டு. உக்கார நாளாகும்."

"அந்தப் பக்கமும் புதுசுதானுங்களே?"

"நீ வண்டி ஓட்டறயா, நான் ஓட்டறனா?"

அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அந்த வாரத்திலேயே, முழு லோடுடன் ஆற்றுப்பாலம் தாண்டி ஏறும்போது, ஒரு சக்கரம் தன்னை முந்திக்கொண்டு போவதைக் கிட்டுசாமி பார்த்தார். அவசரமில்லாமல் போயிற்று. யாருடைய வண்டிச் சக்கரம் இது என்று யோசிக்கக்கூட நேரமிருந்தது. பிறகு வண்டி இடது முன்பக்கமாகக் குனிந்து, ரோட்டை உழுதுகொண்டு பள்ளத்தில் இறங்கியது. வெளுத்த துணியெல்லாம் செம்மண்ணில். ஹப் இரண்டாகப் பிளந்து, அச்சின் முனை வளைந்திருந்தது. கிட்டுசாமிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்காக அவரைப் பாக்கியசாலி என்றார்கள்.

அர்த்தநாரி சைக்கிளில் வந்தார். குனிந்து போல்டுகளைத் தடவிப் பார்த்தார். மரை ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. நட்டுகள் ஒழுங்காகத் திருகிக் கழன்றிருந்தன. நிமிர்ந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"என் வேலதானுங்க சரியில்ல" என்றார்.

"இல்லீங்கண்ணா, ரோடுதான் சரியில்லீங்க" என்றார் கிட்டுசாமி.

"இதுக்கு வேற அச்சு கெடைக்குங்களா?" என்று அவரே கேட்டார்.

"பாக்கலாங்க."

இந்த 'லாம்'முக்கு என்ன பொருள் என்று கிட்டுசாமிக்கு உடனே விளங்கியது. அர்த்தநாரி போன பிறகு அவர் பின்பக்கத்து இடது சக்கரத்தின் முன்னால் குந்தினார். ஸ்பானர் தேவைப்படவில்லை. விரலாலேயே நட்டு சுழன்றது. எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். துணியை ஏற்றிப்போக வந்த மாட்டுவண்டிக்காரர், "கொஞ்சம் நவுந்துக்குங்க" என்றதும்தான் எழுந்தார்.

வீட்டில் ரங்காத்தாள் அடுப்படியில் இருந்தாள். "நாந்தான் கழட்டீட்டன்" என்று அவரே சொன்னார். "தெனமும் நாந்தான் கழட்டியிருக்கறன்."

அவள் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள். "சாப்புடுங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அச்சு கிடைக்கவில்லை. கம்பெனியில் சொந்த லாரி வாங்கிவிட்டார்கள். மேனேஜர், "உங்களப் போயி டிரைவரா வெக்கறது நல்லாருக்காதுங்க" என்று காபி கொடுத்து அனுப்பினார். செய்தி எட்டியதும் அண்ணனே வில்வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "நம்மூடு இருக்கறப்ப இங்க எதுக்குங்க தம்பி வாடகை ஊட்டுல? கெளம்புங்க" என்றார். குரலில் கேலி ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் மறுத்திருக்கலாம்.

தோட்டத்தில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. கிணற்றில் கரண்ட் மோட்டார் வந்திருந்தது. அண்ணன் மகன் சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் பாயும். மண்வெட்டியைத் தொட்டால் ஆள்காரன் ஓடிவந்து வாங்கிக்கொள்வான். பாலைச் சொசைட்டிக்காவது கொண்டுபோகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். "உங்கள வேல வாங்கறன்னு ஊர் என்ன பேசும் தம்பி? நீங்க உக்காருங்க" என்றார் அண்ணன். முதல் இலை அவருக்குப் போட்டார்கள். வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டில் அவருக்கு. குழந்தைகள்கூட அங்கே சத்தம் போடக்கூடாது என்று உத்தரவு.

ரங்காத்தாளுக்கு இந்த மரியாதைத் தொல்லை இல்லை. அவள் விட்ட இடத்தில் கொட்டகை அப்படியே இருந்தது, மாடு மட்டும் கூடியிருந்தது.

பல்லடம் சந்தைக்குப் போகிறவர் ஒருவர் வேலிக்கு வெளியே நின்று, கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்: "ஆனாலும் கிட்டுசாமி குடுத்து வெச்சவருங்கம்மா. ஒரு வேல உண்டா, ஒரு கவல உண்டா?"

"ஆமாங்க" என்றாள் ரங்காத்தாள், சாணிக்கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே.

கிட்டுசாமி கண்ணைத் திறக்கவில்லை.