‘டேஷ்’ என்ற சொல்லுக்கு ஓர் இடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூர் நூல் மில் ஒன்றில் டைப் அடிக்கும் குமாஸ்தாவாக இருந்தேன். இங்கிலீஷில் என்னை மிஞ்ச அந்த ஆபீசில் ஆள் கிடையாது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. நடை, ஓட்டம் சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் வார்த்தைகளுக்கென்றே தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். நாம் எல்லாவற்றுக்கும் ‘நடந்தான், ஓடினான்’ என்று இரண்டு வார்த்தையை வைத்துக் காலம் தள்ளுகிறோம், இங்கிலீஷ்காரன் ஒவ்வொரு நடைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறான் என்பது என் கட்சி.

சாயங்காலம் ஆர்.எஸ்.புரத்துப் புது வீதிகளில் போகும்போது எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் மனசுக்குள் பெயர் சூட்டுவேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காற்று வாங்கும் வக்கீல் ‘ஸ்ட்ரோல்’. வேட்டியைத் தூக்கிப் பிடித்து நீள நீளமாக எட்டு வைக்கும் பஞ்சு வியாபாரி ‘ஸ்ட்ரைட்’. உக்கடத்துக் குளக்கரையில் வேலைவெட்டி இல்லாமல் நிற்கிறவன் ‘லாய்ட்டர்’. அந்த வாரம் புதிதாகச் சிக்கியது ‘டேஷ்’. திடுமெனப் பாய்ந்து ஓடுவது. சொல்லும்போதே வாய்க்கு நன்றாக இருந்தது. எங்கே போடலாம் என்று கை அரித்துக்கொண்டே இருந்தது.

நான் தேடிய இடம் ஒரு காலையில் தானாக வந்து சேர்ந்தது. நூலைச் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் வேலை செய்த ஒரு பெண், நூல்கண்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவள், ஷெட் வாசலில் எண்ணெய் வழுக்கி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. கண்டுகள் நாலாபக்கமும் உருண்டன. ஷெட்டுக்குள் ஓடினால் சீட்டுக் கிழியும் என்பது மில்லின் சட்டம். அவள் ஓடிவந்தாள் என்று மேஸ்திரி புகார் செய்தார். அவள் வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுதி, மில்லை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு அனுப்புவது என் வேலை.

“எப்படிம்மா வந்தாய்?” என்று கேட்டேன்.

“வெரசா வந்தனுங்க.”

வெரசாக என்றால் வேகமாக. வேகமாக என்றால் ஓட்டம். ஓட்டத்துக்கு என் கைவசம் புத்தம்புதிய வார்த்தை இருந்தது. ஷெட்டுக்குள் டேஷ் அடித்து நுழைந்தாள் என்று தட்டினேன். அடியில் அவள் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டேன். வாக்கியம் எனக்கே பிடித்துப்போய் இன்னொரு தரம் படித்துப் பார்த்தேன்.

துரை அதைப் படித்துவிட்டு, அவளை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி ஓரத்தில் எழுதி அனுப்பினார். அந்த உத்தரவையும் நான்தான் டைப் அடிக்க வேண்டும். காகிதத்தை மெஷினில் மாட்டிப் பாதி அடித்திருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள். மேஸ்திரி சொல்லித் தெரிந்திருக்கிறது.

“ஏனுங்க, நான் ஓடுனேன்னு எழுதிப்போட்டீங்களாமா?”

“நீதானே வெரசா வந்தேன் என்றாய்?”

“வெரசா வந்தா ஓடுறதுங்களா? நான் நடந்துதானுங்க வந்தேன். கெணறு வத்தி வெள்ளாமை போயி ரெண்டு வருசமாச்சு. என்ற ஊட்ல நாலு பேரு இந்த வேலையை நம்பித்தானுங்க இருக்கறோம். எங்கூட ஒருக்கா நடந்து பாத்துப்போட்டு, அப்பறம் உங்க இஷ்டம் போல எழுதுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. எனக்கே வார்த்தை சொல்லித்தருகிறாளா என்று எழுந்தேன். அவள் காலியாகக் கிடந்த கூடை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஆபீசிலிருந்து ஷெட்டை நோக்கி நடந்தாள். கையால் கூடையைத் தொடவேயில்லை. இடுப்புக்கு மேலே ஆடவில்லை, அசையவில்லை. கீழே பாதங்கள் மட்டும் தறிநாடா மாதிரி மாறிமாறிப் போயின. தினமும் மூன்று மைல் அப்படித்தான் வருகிறாளாம், மில் சங்கு ஊதுவதற்குள் வந்தாக வேண்டுமே. பாதி முற்றம் தாண்டும்போது நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். அவள் நடந்துகொண்டிருந்தாள்.

வெட்கமாகப் போய்விட்டது. நோட்டைப் புரட்டினேன். அந்த நடைக்கு அதில் பெயர் இல்லை. இங்கிலீஷில் இருந்திருக்கலாம், என்னிடம் இல்லை. துரையிடம் போய், “நான் எழுதியது தவறு, சார்” என்றேன். அந்த ஆபீசில் அதுவரை நான் சொல்லாத வாக்கியம் அது. என் பெயரும் கெடும், வேலையும் ஆட்டம் காணும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

“சரியான வார்த்தை எது?” என்றார்.

“சொல்லத் தெரியவில்லை. நீங்களே வந்து பார்க்க வேண்டும்.”

நல்ல உயரமான மனிதர், நீளமான கால். ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் நடப்பது என்ன பெரிய காரியம் என்று சிரித்துக்கொண்டேதான் வந்தார். கேட்டிலிருந்து ஷெட் வரை போவது என்று ஏற்பாடு. முதல் இருபது அடி கூடவே போனார். பிறகு எட்டு நீண்டது. பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஷெட் வாசலுக்கு அவள் போய்ச் சேர்ந்து, கூடையோடு திரும்பி நின்றபோது, துரை முற்றத்தின் நடுவில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஓடிவந்துகொண்டிருந்தார். மேஸ்திரி தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

மூச்சு வாங்கியபடி என்னிடமிருந்து வாக்குமூலத்தை வாங்கினார். பென்சிலால் ‘டேஷ்’ஷை அடித்துவிட்டு, மேலே ‘நடந்தாள்’ என்பதற்கு உள்ள சாதாரண இங்கிலீஷ் வார்த்தையை எழுதினார். என் நோட்டின் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் முதலாக, இதற்கென்ன விசேஷம் என்று நான் தாண்டிப்போன வார்த்தை அது. ஆபீசுக்குத் திரும்பி, மெஷினில் பாதியில் நின்ற உத்தரவை நானே உருவிக் கிழித்தேன்.

வேலை அவளுக்கு நிலைத்தது. நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டு நின்றேன். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. வீங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த வாக்குமூலக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளால் படிக்க முடிந்தது அதில் ஒன்றே ஒன்றுதான், அவளுடைய ரேகை.

“இந்த ரேகைக்கு மேல என்ன எழுதியிருக்குதுன்னு கைநாட்டு வாங்கறதுக்கு முன்னாலயே படிச்சுச் சொல்லியிருக்கலாமுங்கல்ல?” என்றாள்.

அதன்பின் அந்த மில்லில் இருந்தவரை, யாருடைய விரலையும் மையில் தோய்ப்பதற்கு முன் எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினேன்.