மண்டைக்குள் அழுத்தம், கையில் இரண்டு பாட்டில்

காசிமேட்டில் விசைப்படகின் கேபின் கூரையிலிருந்து விழுந்த தேசப்பனை ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் அப்போது ராயபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டூட்டி டாக்டர். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. வலது கண்பாவை விரிந்து, டார்ச் அடித்தும் அசையவில்லை. மண்டைக்குள் அழுத்தம் ஏறி மூளை நசுங்குகிறது என்று அர்த்தம்.

ஸ்டெல்லா சிஸ்டர் வழக்கம்போல, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் பாட்டிலை எடுத்துவிட்டார். நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்குள் மானிட்டரைப் பார்த்தேன். பிளட் பிரஷர் கீழே கிடந்தது. இடது தொடை எலும்பு முறிந்து, உள்ளே ரத்தம் தேங்கி தொடை பானைபோல வீங்கியிருந்தது.

"சிஸ்டர், மானிட்டால் வேணாம். மூணு பர்சென்ட் சலைன் குடுங்க. பிளட்டுக்கும் சொல்லிடுங்க."

வாசலில் நின்ற தேசப்பனின் மனைவி கன்னியம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "இன்னா டாக்டரம்மா, உசுரு போய்கினு கீது, உப்புத் தண்ணி ஏத்துறியா?"

மூச்சுக்கு டியூப் போட்டு, தொடைக்குக் கட்டை வைத்துக் கட்டி, தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு கன்னியம்மாவிடம் போனேன்.

"மூளை வீங்கியிருக்கும்மா. ரெண்டு மருந்துமே அந்த நீரை ரத்தத்துக்குள்ள இழுக்கும். ஆனா சிஸ்டர் மொதல்ல எடுத்த மருந்து, இழுத்ததை மூத்திரமா வெளியேத்திடும். இந்தக் கெட்டி உப்புத் தண்ணி அப்படிப் பண்ணாது. இவருக்கு ஏற்கெனவே ரத்தம் போயிருக்கு. பிரஷர் இன்னும் இறங்குனா மூளைக்கு ரத்தமே போகாது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கருவாட்டுக்கு உப்பு போட்டா மீனு தண்ணி வுடுமே, அத்த மாறியா?"

"அதேதான்மா."

உப்புநீர் ஏறி முடிகையில் ரத்தமும் வந்து சேர்ந்தது. பிரஷர் மெல்ல ஏறியது. மறுபடி டார்ச் அடித்தேன். கண்பாவை சுருங்கியது. "டாக்டர், அசையுது!" என்று ஸ்டெல்லா சிஸ்டர் கத்தியேவிட்டார். எங்களுக்குக் கிடைத்தது கொஞ்ச அவகாசம், அவ்வளவுதான். ஸ்கேனில் தெரிந்த ரத்தக்கட்டியை அறுவை சிகிச்சை டாக்டர்கள் அந்த அவகாசத்துக்குள் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் திருவொற்றியூர் பட்டறையிலிருந்து வேறொரு தலைக்காயம் வந்தது. அவருக்கு பிரஷர் நன்றாக இருந்தது, வேறெங்கும் ரத்தப்போக்கு இல்லை. மானிட்டாலே கொடுத்தேன். அவரும் பிழைத்தார்.

இரண்டில் எது உசத்தி என்று ஜூனியர்கள் இன்றும் கேட்கிறார்கள். பாட்டிலைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. படுத்திருப்பவரைத் தலை முதல் கால் வரை பாருங்கள், பதில் அவர் உடம்பிலேயே இருக்கும் என்பேன்.

தேசப்பன் மறுபரிசோதனைக்குக் கைத்தடியோடு நடந்தே வந்தார். "டாக்டரம்மா, இவ என்னெ படகாண்ட வுட மாட்டேன்றா. நீயாவது சொல்லு" என்றார்.

நான் கன்னியம்மா பக்கம்தான் பேசினேன்.