நிறைகுடம் தளும்பும்

எனக்குக் காலில் சக்கரம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கிள்ளானில் சொந்த வீடு, முன்னால் கார் நிறுத்த கூரை போட்ட இடம், பின்னால் துணி காயப்போடக் கொல்லை, எல்லாம் இருக்கிறது. இருந்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அந்த வீடு என்னைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கிவந்து சமையலை முடித்துவிட்டால், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு உட்கார வராது.

அவருக்கு உட்கார மட்டும்தான் வரும். தபால் நிலையக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே வேலைக்காலத்தை முடித்த மனிதர். போதாக்குறைக்கு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் வேறு. ஒருமுறை நானே பயந்துபோய் உலுக்கி எழுப்பினேன். முகமூடி மாட்டி, குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷின் இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லிவிட்டார்கள். ஆக, மின்சாரம் இருக்கிற இடத்தில்தான் அவருக்குப் படுக்கை.

ஓட்டலில் தங்கலாமே என்பார்கள். எனக்கு ஓட்டல் ஆகாது. இத்தனை மணிக்கு உள்ளே வா, இத்தனை மணிக்கு வெளியே போ என்று யாரோ எனக்கு நேரம் சொல்வதற்கு நான் எதற்கு ஓய்வு பெற்றேன்? பிடித்த இடத்தில் நிறுத்த வேண்டும், அலுத்துப்போனால் கிளம்ப வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்காரர் கழித்துக்கட்டிய வேனை வாங்கி, பின்னால் கட்டில் போட்டு, அதற்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இரண்டு பேட்டரிகளை வைத்தேன். எங்கள் பயணம் முழுவதும் அந்த இரண்டை நம்பித்தான் இருந்தது.

கார் பேட்டரி, எஞ்சினை உசுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஜாதி. எனக்கு வேண்டியது விடியும்வரை நிதானமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும் ஜாதி. கோல்ஃப் வண்டிகளுக்குப் போடும் ஈய பேட்டரி அப்படிப்பட்டது. மேருவில் பேட்டரிக் கடை வைத்திருந்தவர் நம் ஆள்தான், வாயாடி.

"ஆன்டி, லித்தியம் எடுங்க லா. மூடியத் தொறக்கிற வேலையே இல்ல."

"தொறக்கலன்னா உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஃபோன்லயே காட்டும் ஆன்டி."

"ஃபோன் ஆயிரம் காட்டும். எனக்கு என் கண்ணால பாக்கணும்."

பார்த்துப் பார்த்துத்தான் வளர்த்தேன். பாதிக்குக் கீழே சார்ஜை இறங்கவிட மாட்டேன். இறங்கினால் அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தகட்டில் உப்பு வெள்ளையாகப் படிந்து கெட்டியாகிவிடும். ஏற்றுவது இருக்கிறதே, அதுதான் என் பொறுமையைச் சோதித்தது. முக்கால்வாசி மளமளவென்று ஏறும். மிச்சக் கால்வாசி ஊர்ந்து ஊர்ந்து மணிக்கணக்கில் ஏறும். நடுவில் பிடுங்கினால் பேட்டரிக்கு ஆயுசு குறையும். வயரைப் பிடுங்கக் கை பரபரக்க, கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

ஆயுத பூஜை முடிந்த கையோடு கிழக்குக் கரைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. குவாந்தான் பக்கம் கடலோரமாக நிறுத்தலாம் என்று நானே முடிவு செய்து, நானே அறிவித்தேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கிளம்புமுன் ஒரு பரீட்சையாக, விளக்கையும் விசிறியையும் ஓடவிட்டுப் பேட்டரியைப் பாதிவரை இறக்கினேன். மறுநாள் பூஜை. கருவிகளுக்கெல்லாம் ஓய்வு நாள், சார்ஜரைத் தொடக் கூடாது. பாதிக்குக் கீழே இறங்கவில்லையே, ஒரு நாள் தாங்கும் என்று விட்டேன். சும்மா இருக்க முடியாமல், வேனுக்குத் திரைத்துணி எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் வேனைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, கட்டிலுக்கு அடியில் பேட்டரிகளுக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். மனிதர் மனம் மாறிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

விஜயதசமி அன்று காலையில் சார்ஜரை மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மத்தியானம் வாசலில் நெடி மூக்கைத் துளைத்தது. ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்துக் கதவுகளைத் திறந்தேன். மூடிகளின் ஓரமெல்லாம் நுரை. உள்ளேயிருந்த ஆசிட் பொங்கி வழிந்து, அவர் வைத்த குங்குமத்தைக் கரைத்து, சிவப்பு மாறி மஞ்சளாக ஓடவிட்டிருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு, அடுக்களையிலிருந்த ஆப்பசோடா டப்பாவை அப்படியே கவிழ்த்தேன். புஸ்ஸென்று பொங்கி அடங்கியது. ஆசிட் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்தபோது பேட்டரியின் ஓர் அறையில் மிதவை எழும்பவே இல்லை; ஆசிட் அவ்வளவு நீர்த்துப்போயிருந்தது.

"யாரு இதுல தண்ணி ஊத்துனது?"

அவர் வாசற்படியில் நின்றார். "நான்தான். தொறந்து பாத்தேன், கொறவா இருந்துச்சு. பூஜை நாளும் அதுவுமா அரையும் கொறையுமா வைக்கலாமா? கழுத்துவரைக்கும் ஊத்தி வச்சேன். நெறகொடம் தளும்பாதுன்னு..."

"தளும்பும்!" என்று கத்தினேன். "கரண்டு ஏறுனா உள்ள இருக்கறது விரியும், அப்ப பொங்கும். சார்ஜ் முழுசா ஏறுன பெறகுதான் தண்ணி ஊத்தணும், அதுவும் கழுத்துக்குக் கீழ எடம் விட்டு ஊத்தணும்!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் நிற்காது. "வர இஷ்டமில்லன்னா வாயால சொல்ல வேண்டியதுதானே? பேட்டரிய ஏன் கொல்லணும்?"

அவர் படியிறங்கி வேன் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "எனக்கு வர இஷ்டம்தான்" என்றார். "அந்தத் தண்ணி கொறஞ்சா நடுராத்திரியில என் மூச்சும் கொறஞ்சிடும்னு நெனச்சேன். அதான் ஒரு சொட்டு எடம்கூட விடாம ஊத்தினேன்."

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயணம் பயணம் என்று குதித்த இத்தனை மாதத்தில், உங்களுக்குப் பயமா என்று ஒரு வார்த்தை அவரை நான் கேட்டதில்லை.

"நீ மட்டும் போய்ட்டு வாம்மா. நான் இங்க ப்ளக்கு பக்கத்துலயே கெடக்கறேன்" என்றார். உண்மையைச் சொன்னால், தனியாகப் போய்த்தான் பார்ப்போமே என்று ஒரு கணம் தோன்றியது. அதை வெளியே விடாமல், பேட்டரிகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

மேருவுக்கு இரண்டு பேருமாகப் போனோம். கடைக்காரர் பேட்டரிகளைப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் மாத்தணும் ஆன்டி. பழசோட புதுசச் சேத்தா, பழசு புதுசையும் இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்றார்.

"நம்மளப் பாத்தா சொல்றான்?" என்று இவர் என் காதில் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

புதுசு இரண்டும் வந்து, முழுசாகச் சார்ஜ் ஏறிய பிறகு, ஒரு பகல் நேரத்தில் வாசலிலேயே சோதித்துப் பார்ப்பதென்று முடிவானது. சார்ஜரைக் கழற்றிவிட்டேன். அவர் கைலியோடு வேனில் ஏறி, முகமூடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தார். சற்று நேரத்தில் தூங்கியும் போனார். நான் பேட்டரியின் அளவைக் காட்டும் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தேன். எண் கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றது. மெஷின் சீராக ஓடியது. எல்லாம் சரியாக இருந்தும் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தேன். இங்கே நான் முழித்துக்கொண்டு மீட்டரைப் பார்க்கிறேன். அங்கே, ஊர் பேர் தெரியாத கடற்கரையில், நானும் தூங்கிப்போன நேரத்தில் இது நின்றால்? இத்தனை நாள் அவர் மட்டும் சுமந்த பயம் மொத்தமாக என் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. குவாந்தானும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவர் எழுந்ததும் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு எழுந்தார். முகமூடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிர்வீட்டு கேட், எங்கள் குப்பைத்தொட்டி.

"இன்னும் வாசல்லயேவா நிக்கிறோம்?"

"ஆமா."

"அசந்து தூங்கிட்டேன். குவாந்தான் இல்லாட்டியும், இந்நேரம் பந்திங் தாண்டி மோரிப் கடற்கரைக்காவது வந்திருப்போம்னு நெனச்சேன்." முன்னால் வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். "கெளம்பு."

"இல்லங்க, நான் யோசிச்சுப் பாத்தேன். இதெல்லாம் நமக்கு வேணாம். நடுவுல நின்னு கின்னு போச்சுன்னா..."

அவர் என் மடியிலிருந்த மீட்டரை எடுத்துத் தன் காலடியில் வைத்தார்.

"மூச்சு என்னோடது. எனக்கே பயமில்ல, ஒனக்கென்ன? ஓட்டு லா."