கண்ணாடி அக்கா தேய்த்த நாணயங்கள்

ஓட்டல் பாத்திரம் தேய்த்தே இருபத்தெட்டு வருஷத்தை ஓட்டியவள். அவள் கழுவிய தட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பதால், அங்கே எல்லாருக்கும் அவள் கண்ணாடி அக்கா.

புருஷனுக்கு இரண்டு கண்ணும் மங்கி ஆபரேஷன் என்றானபோது, அவர் சேர்த்து வைத்திருந்த நாற்பது பழைய வெள்ளி நாணயங்களை விற்பதென்று முடிவானது. அவர் அவற்றை விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பார்; அவளைத் தொடவே விட்டதில்லை. அதைக் கஞ்சத்தனம் என்றே அவள் நினைத்திருந்தாள். கறுத்துக் கிடப்பதைக் கடையில் எப்படி நீட்டுவது என்று, அவருக்குச் சொல்லாமல் பற்பொடி போட்டுத் தேய்த்து எடுத்துப் போனாள்.

நாணய வியாபாரி லென்ஸைக் கீழே வைத்தார். "யாரும்மா தேச்சது?"

"நான்தாங்க. நல்லா இருக்கில்ல?"

"எல்லாம் அபூர்வமான வருஷம். அந்தக் கறுப்போட வந்திருந்தா வெள்ளி விலைக்கு மூணு மடங்கு குடுத்திருப்பேன். இப்ப மேலெல்லாம் கீறல். சேகரிக்கிறவங்க சீண்ட மாட்டாங்க. எடைக்குத்தான் எடுக்கலாம்."

இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினாள். எங்கும் அதே பேச்சு.

வீட்டில் அவர் காலடிச் சத்தத்துக்குத் திரும்பி, "என்ன குடுத்தான்?" என்றார்.

"எடைக்குத்தான் எடுத்தாங்க."

"தேச்சுட்டியா?"

"ம்."

"உன் கைதான் சும்மா இருக்காதே."

திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு. பணத்தை அவர் கையில் வைத்தாள்.

"ஒரு கண்ணுக்குத்தான் பத்தும். எந்தக் கண்ணுன்னு நீங்களே சொல்லுங்க."