உறுமாத லோரி

கூலிம் தொழிற்பூங்காவிலிருந்து பினாங்குத் துறைமுகத்துக்குச் சரக்கு லோரி ஓட்டுகிறவன் நான். பாதி நாள் ஓட்டம், மீதி நாள் தொழிற்சாலை வாசலில் வரிசை. வரிசையில் ஒருவரும் என்ஜினை அணைப்பதில்லை. முன்னால் நிற்பவன் புகையை நான் குடிப்பேன், என் புகையைப் பின்னால் நிற்பவன் குடிப்பான். அத்தனை ஒற்றுமை! டாக்டர் என் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "டீசல் புகையை விடு, இல்லாட்டி வேலையை விடு" என்றார். எனக்கு வேறு வேலை தெரியாது.

அந்தச் சமயத்தில் முதலாளி ஒரு மின்சார லோரியை ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தார். "உனக்குத்தான் தம்பி" என்றார். போன உயிர் திரும்பி வந்தது.

சுங்கைப் பட்டாணி கோயில் வாசலில் பூசை. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டியதும் என்ஜின் உறும வேண்டும். அதைக் கேட்டுத்தான் குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு விலகுவார். "ஸ்டார்ட் பண்ணு லா!" என்றார் முதலாளி. பண்ணினேன். சத்தமே இல்லை. எல்லாரும் உறுமலுக்குக் காத்து நின்றார்கள். நானும் சத்தம் வரட்டும் என்று பழக்கதோஷத்தில் இன்னும் கொஞ்சம் மிதித்தேன். குருக்கள் துள்ளி ஒதுங்கினார். எலுமிச்சம்பழத்தோடு தட்டும், முதலாளி கழற்றி வைத்திருந்த புதுச் செருப்பும் நசுங்கின.

"சகுனம் சரியில்ல" என்று மறுவாரமே லோரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். செருப்புக்கு இருந்த மதிப்பு என் நுரையீரலுக்கு இல்லை.

பிறகு மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரில் ஒரு கூட்டம். லோரிகளைப் படிப்படியாக மின்சாரத்துக்கு மாற்ற மாநில விதி கொண்டுவரலாமா என்று அதிகாரிகள் கருத்துக் கேட்டார்கள். தலையாட்டுவதற்கு என்னையும் பஸ் ஏறி வரச் சொல்லியிருந்தார் முதலாளி. "விதியெல்லாம் எதுக்கு? நாங்களே மனசார மாறிடுவோம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து, தெரிந்த மலாயில் சொன்னேன்: "விதி போடுங்க. இவரு மனசு ஒரு செருப்புல மாறிடும்." அதிகாரிகள் விழித்தார்கள். அதற்குமேல் பேச இருமல் விடவில்லை.

திரும்பும் வழியெல்லாம் திட்டுவதற்காகவே முதலாளி என்னைத் தன் புதுக் காடியில், கார் முன்சீட்டிலேயே, ஏற்றிக்கொண்டார். அவர் குரலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"மின்சாரக் காடியா, பாஸ்?"

"ஆமா லா. எனக்குப் புகை ஆகாது."

"பூசை?"

"போட்டாச்சு. என்ஜின் சத்தம் வராதுல்ல, குருக்கள் ஹாரன் அடிக்கச் சொன்னாரு. அவ்வளவுதான்."

மறுநாள் காலை என் பழைய டீசல் லோரியோடு கூலிம் வாசலில் நின்றேன். முன்னால் ஒன்பது லோரிகள், ஒன்றுகூட அணையவில்லை. நானும் ஹாரன் அடித்துப் பார்த்தேன்.