நான்கு மணி பத்து நிமிடம்

நான்கு மணி பத்து நிமிடம். கடைச் சுவர் அட்டவணையில் கறுப்புக் கணினிக்கு நேரே அவன் எழுதிய பேட்டரி நேரம் அது. விற்பனைக்கு வந்த ஐந்து வகைக் கையடக்க கேமிங் கணினிகளிலும் ஒரே கார்ப் பந்தயத்தை ஓட்டி, அணையும்வரை கடிகாரத்தோடு காவல் கிடப்பது அவன் வேலை. வாயைத் திறந்தால் கணக்குதான் வரும் என்பதால் கடையில் அவன் பெயர் ‘சதவீதம்’.

அந்த எண்ணை நம்பித்தான் அக்கா கறுப்பை வாங்கினாள். அவளுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கழுத்தோரக் குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தால் மூச்சு முட்டும்; கண்ணைத் திருப்பிவைக்க ஏதாவது விளையாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் போன் அணைந்த ஒருநாள் குழாயையே பிடுங்கப் போய்விட்டாள். படுக்கையருகே பிளக் எல்லாம் மருத்துவ இயந்திரங்களுக்கு மட்டும்.

வியாழன் காலை பத்து மணிக்கு அவள் கறுப்போடு படுக்கையில் ஏறினாள். பதினொன்றரைக்குக் கடையில் அவன் பழைய சோதனைக் குறிப்பேட்டைப் புரட்டினான். மற்ற நான்கையும் திரையில் நொடிக்கு அறுபது படம் என்று ஓட்டியிருந்தான். கறுப்பை மட்டும் முப்பதில். அதற்கு முந்தின நாள் சூட்டுச் சோதனைக்கு வைத்த வரம்பை எடுக்க மறந்திருக்கிறான். பாதி வேலை வாங்கினால் பேட்டரி நீடிக்காமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, படம் வழுவழுவென்று ஓட அறுபதிலேயே வை என்று அக்காவுக்குச் சொன்னதும் அவன்தான். இரண்டரை மணி தாண்டாது. பன்னிரண்டரைக்கு அணைந்துவிடும்.

அக்கா போனை எடுக்கவில்லை. வேகத்தில் கடைசியான சாம்பல் நிறக் கணினியைத் தூக்கினான். பேட்டரியில் அதுதான் முதல். என்ன அவசரம் என்று கேட்ட முதலாளிக்கு வாசலிலிருந்தே, அட்டவணை பொய் என்று கத்திவிட்டு ஓடினான். பஸ் ஒவ்வொரு சிக்னலுக்கும் மரியாதை செய்தது.

வார்டில் நுழைந்தபோது பன்னிரண்டு இருபத்தேழு. அக்காவின் விரல்கள் கணினியை இறுக்கியிருந்தன. ஓரத்தில் மூன்று சதவீதம், சிவப்பில்.

“நாலு மணி நேரம்னு சொன்னியேடா. என் கண்ணு கெட்டுப்போச்சா, உன் கணக்கு கெட்டுப்போச்சா?”

“என் கணக்குதான்க்கா. இந்தா, இதைப் பிடி. கொஞ்சம் திக்கித் திக்கித்தான் ஓடும். ஆனா கடைசிவரைக்கும் வரும்.”

“என்னை மாதிரின்னு சொல்லு.” அவள் கறுப்பை நீட்டினாள். அது அவன் கையில் அணைந்தது.

இரண்டு மணிக்குக் குழாயைக் கழற்றும்வரை அவன் ஸ்டூலைவிட்டு எழவில்லை. சாம்பலில் அப்போதும் அறுபத்தெட்டு சதவீதம் இருந்தது. அட்டவணையை முதலாளி கழற்றிவிட்டார். நாளை காலை ஒன்பது மணிக்கு ஐந்து கணினிகளும் நூறு சதவீதத்திலிருந்து, எல்லாமே அறுபது படத்தில், மறுபடி ஓடும்.